பல வாட்ச்களின் பாகங்கள் சேர்ந்த பழைய சீகோ 5: திருத்தி எடுப்பதா, விடுவதா?

கொழும்பில் பழைய கைமணிக்கூடு தேடத் தொடங்குபவரின் கையில் முதலில் அகப்படுவது அநேகமாக ஒரு சீகோ 5தான்: ஜப்பானின் சீகோ நிறுவனம் செய்த, கையசைவிலேயே முறுக்கேறும் தானியங்கி வாட்ச். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் கட்டிக்கொண்டு வந்தவை இன்னும் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. புறக்கோட்டை மேசைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் விற்பனைக்குக் கிடப்பவையும் பெரும்பாலும் இவைதான். முப்பது, நாற்பது வருடம் ஓடி, பல கை மாறி, பல முறை திருத்தப்பட்டவை என்பதால் இவற்றில் பெரும் பங்கு கலப்பு: ஒன்றின் மெஷின், இன்னொன்றின் கேஸ், வேறெங்கோ பூச்சு அடித்த டயல்.

கலப்பு என்று தெரிந்தவுடன் ஒதுக்கிவிடத் தேவையில்லை. ஒரே மெஷின் எண்ணுக்குள், ஒரே காலத்துப் பாகம் மாற்றப்பட்டிருந்தால் அது ஒழுங்கான திருத்த வேலை. வேறு மெஷினுக்குச் செய்த டயலைக் காலை வெட்டி ஒட்டியிருந்தால் அது அடுத்து வருபவருக்கு விட்டுவைத்த தொல்லை. புதிதாக வருபவர்கள் ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நாங்கள் சொல்லும் வரிசை அதற்கு நேர் எதிரானது: முதலில் டயல், பிறகு கேஸ், கடைசியில் மெஷின். இந்த வாட்ச்களின் மெஷினுக்கு உதிரி கிடைக்கும். முழு மெஷினே கிடைக்கும். பூச்சு அடித்துக் கெடுத்த டயலை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

பார்க்கப் போகும்போது பத்து மடங்கு பெருக்கும் லூப் ஒன்று, சிறு டோர்ச் ஒன்று, விரல் நுனியளவு திசைகாட்டி ஒன்று, பின்மூடி கழற்ற ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் பந்து ஒன்று கொண்டுபோங்கள். கைப்பேசிக் கமராவின் பெருக்கம் லூப்புக்கு ஈடாகாது. எழுத்தின் ஓரம் கூர்மையா மழுங்கலா என்று அதில் தெரியாது. இங்கே தீர்ப்பே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன

பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். கோடு போட்டுப் பிரித்த எட்டு எழுத்துகளில் முதல் நான்கு மெஷினின் எண், அடுத்த நான்கு கேஸின் எண். 7009-876ஏ என்றிருந்தால் இது 7009 மெஷினுக்கான கேஸ். மற்றையது தொடர் எண். அதன் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டெம்பர் வரை 1 முதல் 9. ஒக்டோபருக்கு 0, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி என்ற ஆங்கில எழுத்துகள். 5என் என்று தொடங்கினால் 5இல் முடியும் ஒரு வருடத்தின் நவம்பர். எந்தப் பத்தாண்டு என்பதைத் தொடர் எண் சொல்லாது. மெஷின் எண்ணை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

சீகோ 5 வரிசை 1963இல் தொடங்கியது. 61இல் தொடங்கும் மெஷின்கள் 1960களின் பிற்பாதியையும் 1970களையும் சேர்ந்தவை. அவற்றில் 6119 இங்கே அதிகம் காணப்படுவது, 21 கல் (அச்சுகளைத் தாங்கும் சிறு மாணிக்கக் கற்கள்). 7009 பெரும்பாலும் 17 கல்லோடு 1970களின் பிற்பாதியில் வந்து 1990கள் வரை ஓடியது. 7எஸ்26 வந்தது 1996இல், 21 கல். மூன்றின் துடிப்பும் மணிக்கு 21,600, அதாவது விநாடிக்கு ஆறு. ஆகவே 7009 பின்மூடியில் 5என் என்றிருந்தால் 1985 அல்லது 1995. 7எஸ்26 பின்மூடியோடு ஒருவர் “எழுபதுகளின் வாட்ச்” என்று விற்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். பின்மூடி வாசகமும் உதவும்: 1960களில் வாட்டர்புரூஃப் என்று வெட்டினார்கள், 1970களில் அது வாட்டர் ரெசிஸ்டன்ட் ஆனது.

அடுத்து டயலின் எண். ஆறு மணிக்குக் கீழே, கண்ணாடி வளையம் மறைக்கும் அளவுக்கு ஓரத்தில், மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். அதிலும் முதல் நான்கு இலக்கம் மெஷின் எண்தான். கோட்டுக்குப் பின்னால் வரும் டயல் எண் பின்மூடியின் கேஸ் எண்ணோடு அப்படியே ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒரே கேஸுக்குப் பல டயல்கள் வந்தன. கடைசி எழுத்து வேறுபடுவது வழமை. பலர் இதைத் தெரியாமல் நல்ல வாட்சைக் கலப்பு என்று தள்ளிவிடுகிறார்கள். முதல் நான்கும் ஒத்துப்போகாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்றாவது எண் மெஷினின் உடம்பிலேயே இருக்கிறது. பின்மூடியைத் திறந்தால் ஊசலாடும் பேலன்ஸ் வீலுக்குப் பக்கத்தில், சில நேரம் அதன் அடியில், 7009ஏ, 6119சி, 7எஸ்26ஏ என்று வெட்டியிருக்கும். டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் வாசிக்கலாம். ரோட்டரில் (கையசைவில் சுற்றி முறுக்கேற்றும் அரைவட்டத் துண்டு) 17 கல் என்று எழுதியிருந்து டயலில் 21 கல் என்றிருந்தால் இரண்டில் ஒன்று வெளியிலிருந்து வந்தது.

பின்மூடி, டயல், மெஷின் மூன்றிலும் முதல் நான்கு எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றானால் மேலே பார்க்கலாம். பின்மூடி மட்டும் வேறென்றால், வேறு வாட்சின் மூடி திருகியிருக்கிறது. ஓட்டத்துக்குக் கேடில்லை, விலையில் பேசிக் குறைக்கலாம். டயலும் மெஷினும் வேறு வேறென்றால் ஒட்டு வேலை நடந்திருக்கிறது.

டயல்: நேரம் எடுத்துப் பாருங்கள்

பழைய சீகோ டயல்களைச் சுரண்டி, புதிதாக நிறம் அடித்து, எழுத்தை மறுபடி அச்சிட்டு விற்பது பெரிய அளவில் நடக்கும் தொழில். இந்தியாவிலிருந்து வரும் இப்படியானவை கொழும்பிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. தூரத்தில் பளிச்சென்று அழகாக இருக்கும். லூப்பை வைத்தவுடன் கதை மாறும்.

முதலில் எழுத்து. தொழிற்சாலை அச்சில் ஒவ்வொரு கோடும் ஒரே தடிப்பு. ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். மறுபூச்சில் எழுத்து தடித்து, மூலைகள் உருண்டு, ஓரம் மையூறிய தாள்போல் பரவியிருக்கும். ‘ஓட்டோமெட்டிக்’ என்ற சொல்லில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு டீ எழுத்துகளைப் பாருங்கள்: இரண்டின் மேற்கோடும் ஒரே உயரத்தில், ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். பிறகு நிமிடக் கோடுகள். அறுபதும் ஒரே நீளத்தில், உலோக மணிக்குறிகளின் நேர் நடுவில் வந்து முடிய வேண்டும். மறுபூச்சில் ஒரு பக்கம் கோடு மணிக்குறியின் நடுவிலும், எதிர்ப்பக்கம் சற்று விலகியும் நிற்கும். அச்சுத் தகடு அரைப் பாகை திரும்பியிருந்தாலே இப்படி வரும்.

இரண்டாவது, நிறம் தேங்கும் இடங்கள். மணிக்குறிகளின் அடி, கிழமை-திகதி சன்னலின் உள் மூலைகள். தொழிற்சாலையில் டயலுக்கு நிறம் கொடுத்த பிறகே மணிக்குறிகளைப் பொருத்துவார்கள். அடியில் சுத்தமான கோடு தெரியும். மறுபூச்சில் குறிகளைக் கழற்றாமலே தெளித்திருந்தால் அடியைச் சுற்றி நிறம் குளம் கட்டியிருக்கும். சன்னலின் சரிந்த ஓரம் மழுங்கியிருக்கும்.

மூன்றாவது, ஆறு மணிக்குக் கீழுள்ள அந்தச் சிறு எண். மறுபூச்சில் அது இல்லாமலே போயிருக்கும், அல்லது பெரிதாக, வாசிக்க முடியாத பிசிறாக இருக்கும். 5 சின்னம் பல மாதிரிகளில் தனி உலோகத் துண்டு. அது சரிந்திருந்தால், பக்கத்தில் பசை மினுங்கினால், கழற்றி ஒட்டியது. ஆரஞ்சு, கிளிப்பச்சை, இரட்டை நிறம் என்று கண்ணைப் பறிப்பவற்றில் மிகக் கவனம் தேவை. அந்தக் கேஸ் எண்ணுக்குத் தொழிற்சாலை அப்படி ஒரு நிறம் வெளியிட்டதா என்று பழைய விற்பனைப் பட்டியல்களில் தேடுங்கள்.

ஒளிரும் பூச்சுள்ள டயல் என்றால் இருட்டில் பிடித்துப் பாருங்கள். எழுபதுகளின் பூச்சு இன்று கிட்டத்தட்ட செத்திருக்க வேண்டும். பச்சையாக ஒளிர்ந்தால் புதிதாகப் பூசியது. முள்ளின் பூச்சு நிறமும் டயலின் பூச்சு நிறமும் ஒரே அளவு பழுத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். நிமிட முள் நிமிடக் கோடுவரை எட்ட வேண்டும். எட்டாமல் நின்றால், அல்லது கோட்டைத் தாண்டினால், முள் வேறு வாட்சினது.

சன்னலில் திகதி நடுவில் நிற்கிறதா என்பது எளிய, ஆனால் மிக உறுதியான சோதனை. ஒரு நாள் சற்று மேலே, இன்னொரு நாள் சற்றுக் கீழே என்றால் அது திகதித் தட்டின் சிறு தளர்வு. எல்லா நாளும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் டயல் தன் இடத்தில் இல்லை. டயலின் பின்னால் இரண்டு மெல்லிய கால்கள் இருக்கின்றன. அவை மெஷினின் துளைகளில் இறங்கித்தான் டயல் நிற்கும். வேறு மெஷினின் டயலைப் போடுபவர்கள் காலை வெட்டிவிட்டுப் பசையால் ஒட்டுகிறார்கள். அந்தப் பசை நாளடைவில் விட்டு, டயல் அசைந்து, முள் உரசி, வாட்ச் நின்றுபோகும். பசையின் ஆவி திகதித் தட்டிலும் எண்ணெயிலும் படிவதும் உண்டு.

கிழமைத் தட்டின் மொழி கலப்பைக் காட்டும் சான்று அல்ல. ஆங்கிலமும் அரபும் என்றால் மத்திய கிழக்குச் சந்தைக்கு வந்தது. நம் ஊரில் அது இயல்பு.

உண்மையான டயலில் மங்கல், சிறு புள்ளி, ஓரத்தில் ஈரம் பட்ட வளையம் இருந்தால் அதை அப்படியே விடுங்கள். துடைக்கவே வேண்டாம். பருத்தி நுனி பட்டாலே எழுத்து கையோடு வந்துவிடும் டயல்கள் இருக்கின்றன.

கேஸ், கிரவுன், கண்ணாடி

சீகோ 5களில் துருப்பிடிக்காத உருக்கால் செய்தவையும் உண்டு, பித்தளைக்குக் குரோம் பூசியவையும் உண்டு. காந்தம் இங்கே உதவாது, இரண்டும் ஒட்டாது. வாரைக் கழற்றி, வார்க்கம்பி இறங்கும் துளையையும் காதுகளின் உட்பக்கத்தையும் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. பூச்சு போய்க் குழி விழுந்த பித்தளைக் கேஸை மறுபடி பூசலாம், ஆனால் செலவு வாட்சின் பெறுமதியைத் தாண்டும்.

உருக்குக் கேஸில் பார்க்க வேண்டியது வெளியே அல்ல. பின்மூடியைக் கழற்றியதும் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தைக் கருமையான அழுக்குப் போகத் துடைத்துவிட்டு லூப்பில் பாருங்கள். வியர்வையும் கடற்கரை உப்பும் அந்த இடுக்கில் தேங்கி, உருக்கையே அரித்துக் குழி போடும். காலி வீதியோரம் கடலைப் பார்த்து வாழ்ந்த வாட்ச்களில் இது சாதாரணம். மேலோட்டமான கறை என்றால் புதிய வளையத்தோடு சரி. பள்ளத்தின் மேல்விளிம்பையே குழி வெட்டியிருந்தால் எந்த வளையமும் நீரைத் தடுக்காது. மழைக்காலத்தில் கட்ட முடியாத வாட்ச் அது.

கேஸின் விளிம்புகள் கூராக இருக்கின்றனவா? தொழிற்சாலை, சில முகங்களைப் பளபளப்பாகவும் சிலவற்றை மெல்லிய கோடிழுத்தும் முடித்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு நேர்கோடு இருக்கும். சில்லில் பிடித்து மினுக்கியவர்கள் அந்தக் கோட்டைத்தான் முதலில் அழித்துவிடுவார்கள். கீறல் நிறைந்த, விளிம்பு கூரான கேஸ், கண்ணாடிபோல் மினுங்கும் உருண்ட கேஸை விட எப்போதும் மேல்.

நான்கு மணியில் பாதி புதைந்த கிரவுன் (நேரம் மாற்றத் திருகும் குமிழ்) சீகோ 5இன் அடையாளம். பருத்து வெளியே துருத்திக்கொண்டு நின்றால் மாற்றியது. அதுவாயின் பெரிதில்லை. கிரவுனை வெளியே இழுத்து மெல்ல அசைத்துப் பாருங்கள். தள்ளாட்டம் அதிகமென்றால் தண்டோ குழாயோ தேய்ந்திருக்கிறது. கண்ணாடி கீறியிருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். மாற்றக்கூடியவற்றில் சுலபமானது அது.

மெஷின்: ஓடுவது மட்டும் போதாது

பின்மூடி திறக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள். திருகு மூடிக்கு ரப்பர் பந்தை அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

1. நின்றிருக்கும் வாட்சைக் கையில் எடுத்து மெல்ல இரண்டு முறை சாய்த்தால் விநாடி முள் புறப்பட வேண்டும். 7009, 7எஸ்26 இரண்டுக்கும் கிரவுனால் சாவி கொடுக்க முடியாது; கிடையாகப் பிடித்து இருபது, முப்பது முறை வட்டமாக ஆட்டித்தான் முறுக்கேற்ற வேண்டும். உலுக்கி உலுக்கித்தான் புறப்படுகிறது என்றால் எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டது. சேர்விஸ் நிச்சயம் தேவை.

2. டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் மேலே, கிரவுன் கீழே என்று நான்கு நிலையிலும் சில நிமிடங்கள் விடுங்கள். ஒரு நிலையில் மட்டும் நின்றால் பேலன்ஸ் அச்சு முனையிலோ மயிர்ச்சுருளிலோ (பேலன்ஸ் வீலை ஊசலாட்டும் மெல்லிய சுருள்வில்) கோளாறு.

3. ரோட்டரைத் தட்டாமல், விரல் நுனியால் ஓரத்தை மேலும் கீழும் அசையுங்கள். மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. பின்மூடியின் உட்பக்கத்திலோ மெஷினின் மேலோ அரைவட்டக் கீறல் இருந்தால் ரோட்டரின் குண்டுத்தாங்கி தேய்ந்துவிட்டது.

4. நேரம் சரிசெய்துவிட்டு அரை மணி விடுங்கள். விநாடி முள் ஒழுங்காக ஓடியும் நிமிட முள் பின்தங்கினால் மெஷினின் இதயத்தில் பிழையில்லை. நிமிட முள்ளைத் தாங்கும் குழல் சக்கரம் தளர்ந்திருக்கிறது. இறுக்கிக் கொடுக்கக்கூடிய சிறு வேலை. இதை “மெஷின் போய்விட்டது” என்று சொல்லி முழு மெஷினையும் மாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

5. முள்ளைச் சுற்றி நள்ளிரவைக் கடத்துங்கள். திகதி மாற வேண்டும்; கிழமை அதன்பின் மெல்ல நகர்ந்து முடிக்கும். பிறகு முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவந்து, கிரவுனின் முதல் இழுப்பில் ஒரு பக்கம் திருப்பித் திகதியையும் மறுபக்கம் திருப்பிக் கிழமையையும் மாற்றிப் பாருங்கள். 61 குடும்பத்தில் பலவற்றில் இழுக்காமல் அழுத்தித்தான் மாற்ற வேண்டும். வாட்ச் இரவு 9க்கும் அதிகாலை 4க்கும் இடையில் காட்டும்போது இதைச் செய்யக் கூடாது. அந்த நேரத்தில் மாற்றும் பல் ஏற்கெனவே தட்டைப் பிடித்திருக்கும். வலிந்து திருப்பினால் சிறு பற்சக்கரம் உடையும். கிரவுன் சுற்றியும் திகதி அசையாத வாட்ச்களில் பெரும்பாலானவை இப்படி உடைந்தவை.

மணிக்குப் பல நிமிடம் முந்தி ஓடும் வாட்சைப் பார்த்தால் உடனே விட்டுவிடாதீர்கள். திசைகாட்டியை பேலன்ஸ் வீலருகே பிடியுங்கள். அதன் முள் துடித்தால் மயிர்ச்சுருள் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. காந்தம் நீக்கும் சிறு பெட்டியில் சில விநாடி வேலை. இந்தக் குறையோடு மலிவாக விற்கப்படும் வாட்ச் நல்ல வாய்ப்பு. துடிக்காவிட்டால் எண்ணெய் பட்டு ஒட்டியிருக்கலாம். அதுவும் கழுவினால் சரியாகும்.

துருவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிரவுன் தண்டு நுழையும் இடத்தில் மட்டும் சிவப்பு என்றால் தண்டும் பக்கத்துச் சிறு நெம்பும் மாற்றினால் போதும். பேலன்ஸ் வீலின் சுருளிலோ சக்கரங்களின் மெல்லிய அச்சுகளிலோ சிவப்புப் புள்ளி தெரிந்தால் அந்த மெஷினைத் திருத்த நினைக்க வேண்டாம்.

கடையில் டைம்கிராஃபர் (வாட்சின் துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால் முழு முறுக்கில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 7எஸ்26க்கு லிஃப்ட் கோணம் (வீச்சைக் கணக்கிடக் கருவிக்குக் கொடுக்கும் அளவு) 53 பாகை. கருவி வழமையாக 52இல் நிற்கும், ஒரு பாகை குறைந்தாலும் முடிவு மாறாது. வீச்சு, அதாவது பேலன்ஸ் வீல் ஒரு பக்கம் திரும்பும் அளவு, டயல் மேல்நோக்கி 220 பாகைக்கு மேல் நின்றால் இந்த வகை மெஷினுக்கு நல்ல உடல்நிலை. சுவிஸ் மெஷின்களின் 300ஐ இவற்றில் எதிர்பார்க்காதீர்கள். 180க்குக் கீழ் என்றால் முழுச் சேர்விஸ். அடிப்பிழை (இரு பக்க ஊசலுக்கும் இடையிலான நேர வேறுபாடு) 1 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது. வேகத்தில் அதிகம் மயங்க வேண்டாம். புதிதாக இருந்தபோதே 7எஸ்26க்குத் தொழிற்சாலை கொடுத்த எல்லை நாளுக்கு 20 விநாடி பிந்துவதும் 40 விநாடி முந்துவதும்தான். குறைந்த வீச்சோடு நேரம் சரியாகக் காட்டும் வாட்சை விட, நல்ல வீச்சோடு நாளுக்கு 50 விநாடி முந்தும் வாட்ச் மேல். பின்னதை வேகம் திருத்தும் நெம்பை அசைத்தே சரிசெய்யலாம்.

கணக்குப் போடும் விதம்

ஒரு தாளில் மூன்று தொகைகள் எழுதுங்கள். வாட்சின் விலை. நிச்சயச் செலவு: முழுச் சேர்விஸ், பின்மூடி வளையம், கண்ணாடி. வரக்கூடிய செலவு: ரோட்டர் தாங்கி, முதன்மை வில் பெட்டி, கிரவுனும் தண்டும், திகதிச் சக்கரம். சேர்விஸுக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டு எழுதுங்கள், ஊகிக்காதீர்கள். மூன்றாவது தொகையில் பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டுத்தொகையை, அதே மாதிரி, டயல் நல்ல நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வாட்சின் விலையோடு ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை அதிகமென்றால் அந்த ஓடும் வாட்சைத்தான் வாங்க வேண்டும். சீகோ 5கள் பெருமளவில் செய்யப்பட்டவை. பொறுத்தால் இன்னொன்று வரும்.

டயல் உண்மை, கேஸ் விளிம்பு கூர், மெஷின் அதே எண்ணாக இருந்தும் ஓடவில்லை என்றால் திருத்துங்கள். இதுதான் தேட வேண்டிய வாட்ச். டயல் உண்மை, மெஷின் எண் வேறு என்றால் டயலின் காலைப் பார்க்க வேண்டும். கால் முழுதாக இருந்தால் சரியான மெஷின் ஒன்றைத் தேடிப் போடலாம். 7009க்கு உடைந்த வாட்ச் ஒன்றை உதிரிக்காக வாங்குவது மலிவு. 7எஸ்26 பழுதாகி, அந்த வாட்சை அன்றாடம் கட்ட வேண்டுமென்றால், சீகோவின் பிற்கால என்எச்36 மெஷின் அதே இடத்தில் இறங்கும். முள் துளைகளும் ஒத்துப்போகும். சாவி கொடுக்கவும் விநாடியை நிறுத்தவும் வசதி கூடும். பழைய மெஷினைப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 7009 கேஸில் என்எச்36 அப்படியே பொருந்தாது. பொருத்தித் தருவதாகச் சொன்னால் எதையோ வெட்டப் போகிறார்கள் என்று பொருள்.

மறுபூச்சு டயல், மினுக்கிய கேஸ், கலப்பு முள் என்று எல்லாம் சேர்ந்திருந்தால் மெஷின் எவ்வளவு அழகாக ஓடினாலும் அது உதிரி வாட்ச். உதிரி விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள், மெஷின் பயன்படும்.

அப்பா, மாமா, தாத்தா கட்டிய வாட்சுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதைத் திருத்துங்கள். ஆனால் அதிலுள்ள மறுபூச்சு டயலைக்கூட மாற்றாதீர்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்த முகம் அதுதான். நீர் புகாமல், ஒழுங்காக ஓடும்படி மட்டும் செய்யுங்கள்.

பாஸிடம் கொடுக்கும்போது

கொழும்பில் நல்ல வாட்ச் பாஸ்மார், அதாவது திருத்துபவர்கள், இன்னும் இருக்கிறார்கள். தங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லும் வாடிக்கையாளரை அவர்கள் விரும்புகிறார்கள். கொடுக்கும் முன் டயல், பின்மூடி, திறந்த மெஷின் மூன்றையும் எண் தெரிய படமெடுங்கள். பற்றுச்சீட்டில் மெஷின் எண்ணையும் தொடர் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை: “அண்ணே, கேஸை மினுக்க வேண்டாம், டயலைத் தொட வேண்டாம், கழற்றுற பழைய சாமான் எல்லாத்தையும் ஒரு பையில போட்டுத் தாங்கோ. மெஷின் மாத்துற நிலை வந்தா முதல்ல எனக்கு ஒரு கோல் எடுங்கோ.”

சேர்விஸ் என்றால் என்ன செய்வார் என்று கேளுங்கள். முழு மெஷினையும் பெற்றோலில் அமிழ்த்தி ஊதி, மேலே ஒரு துளி எண்ணெய் விடுவது சேர்விஸ் அல்ல. சில மாதம் ஓடும், அழுக்கு உள்ளேயே இருப்பதால் அச்சுகள் அரைபடும். ஒவ்வொரு சக்கரமும் கழன்று, கழுவி, கல்துளைகள் குச்சியால் துடைக்கப்பட வேண்டும். கழுவ லைட்டர் பெற்றோல் போன்ற தூய நாஃப்தா நல்லது. பேலன்ஸ் வீலையும் நங்கூரத்தையும் (பேலன்ஸ் வீலுக்கு உந்தல் கொடுக்கும் சிறு கவை) ஸ்பிரிட்டிலோ அல்கஹோலிலோ ஊறவைக்கக் கூடாது. நங்கூரத்தின் இரண்டு சிவப்புக் கற்களையும் பிடித்திருப்பது அரக்கு. அது அல்கஹோலில் கரைந்து கல் நழுவிவிடும்.

எண்ணெய் ஒன்றே எல்லா இடத்துக்கும் ஆகாது. வேகமாக ஓடும் மெல்லிய அச்சுகளுக்கு மோபியஸ் 9010 போன்ற மெல்லியது, நங்கூரக் கற்களுக்கு 9415, வில் பெட்டியின் உட்சுவருக்கு 8217 போன்ற பிடிமான கிரீஸ். கடைசியாகச் சொன்னது சீகோ போன்ற தானியங்கி வாட்ச்களில் முக்கியமானது: முழு முறுக்கில் வில் சுவரோடு நழுவ வேண்டும், ஆனால் சீக்கிரம் நழுவக் கூடாது. சாதாரண எண்ணெய் போட்டால் வில் முன்னதாகவே நழுவி, நாள் முழுக்கக் கட்டியிருந்தும் இரவில் வாட்ச் நிற்கும். நங்கூரத்தின் அச்சுகளுக்கு எண்ணெயே போடக் கூடாது.

திரும்பி வந்தபின்

பின்மூடி எண், டயல் எண், மெஷின் எண் மூன்றையும் உங்கள் படத்தோடு கடையிலேயே ஒத்துப் பாருங்கள். முதல் வாரம் முழுக்கக் கட்டிக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் கைப்பேசி நேரத்தோடு வித்தியாசத்தைக் குறியுங்கள். நாளுக்கு நாள் மாற்றம் சீராக இருந்தால் போதும். ஒரு நாள் 10, அடுத்த நாள் 60 என்று தாவினால் திருப்பிக் கொடுங்கள். முழு முறுக்கோடு கழற்றி வைத்தால் 35 மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும்.

வளையம் புதிதென்றாலும் அழுத்தச் சோதனை செய்யாத பழைய வாட்சைக் குளிக்கவோ கடலுக்கோ கட்டிச் செல்லாதீர்கள். கண்ணாடியின் உட்பக்கம் பனி பிடித்தால் அன்றே திறந்து காயவைக்க வேண்டும்; கொழும்பின் ஈரக் காற்றில் இரண்டு நாள் போதும், தண்டில் துரு தொடங்க. கட்டாத நாட்களில் மூடியிறுகும் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் வகைப் பொட்டலம் நல்லது. நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்.